ஜாமனி மொன் செய்தவன் நான்

1

நான் செய்து வைத்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அடக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

யாங்கோனில், நம் ஆட்கள் இன்னமும் ரங்கூன் என்றுதான் சொல்கிறார்கள், மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் ரயில் பாதைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பலகாரக் கடை. பதினான்கு மேசை. மேலே மூன்று அறை வீடு. பின்கட்டில் செங்கல்லும் களிமண்ணும் வைத்து நானே கட்டிய அடுப்பு. சிங்கப்பூருக்குப் போய்ப் படித்துவிட்டு வந்த ஒரு மகள். என் கையில் தொழில் பழகிப் போனவர்கள் பத்துப் பதினைந்து பேர். இதற்கெல்லாம் மேலே, உலகத்தில் வேறு எந்த ஊரிலும் கிடைக்காத ஒரு பலகாரம். ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் செய்தது இவ்வளவும். பெரிய படிப்புப் படித்தவர்கள் யாராவது இதில் பாதியைச் செய்திருந்தால் வந்து சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

ஊரில் என் தம்பி, 'அண்ணன் ரங்கூன்ல புரோட்டாக் கடை போட்டிருக்கு' என்று சொல்லித் திரிகிறானாம். புரோட்டாவை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நான் செய்வது வேறு. ஜெர்மன்காரர்கள் முட்டையும் பாலும் அடித்து ஊற்றும் தடித்த அப்பம் ஒன்று உண்டு. லெபனான், துருக்கி என்று அந்தக் கடலோரத்து ஆட்கள் தாள் போன்ற மாவை அடுக்கிச் செய்யும் பக்லாவா ஒன்று உண்டு. இந்த இரண்டையும் ஒரே தட்டில் சேர்த்தவன் நான். பர்மியர்கள் பலகாரத்தை மொன் என்பார்கள். எங்கள் கடையில் வந்து உட்காருகிறவர்கள் கேட்பது 'ஜாமனி மொன்'. ஜெர்மன் பலகாரம் என்று அர்த்தம். பேரிலேயே என்னைக் காணோம், பார்த்தீர்களா?

இந்த மாதத்தோடு கடைக்கு இருபது வருஷம் ஆகிறது. அதற்காக என் மகள் புதிதாக ஒரு விலை அட்டை அச்சடித்தாள். அந்த அட்டைதான் என்னை இதை எழுத வைத்தது. எழுத்துப் பிழை இருந்தால் அச்சுப் போடுகிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

2

பரமக்குடி பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு ஓட்டலில் நான் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். ஊர் எனக்குக் கொடுத்தது அந்தத் தொட்டித் தண்ணீரும் விரலிடுக்கில் சேற்றுப்புண்ணும். அதற்கு மேல் ஊரைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஏங்கி எழுதுகிறவர்கள் எழுதட்டும்.

ஷார்ஜாவுக்கு விசா கிடைத்துப் போனேன். லெபனான்காரர் ஒருவரின் பலகாரக் கடை. அவரை அபு ஜோர்ஜ் என்பார்கள். மூத்த பிள்ளையின் பேரைச் சொல்லித்தான் அங்கே தகப்பனைக் கூப்பிடுவார்கள். ஆறு வருஷம் என்னை மாவைத் தொட விடவில்லை. பிஸ்தாவும் முந்திரியும் உடைத்தேன், தட்டுக்கு நெய் தடவினேன், கண்ணை மட்டும் அவர் கையில் வைத்திருந்தேன். மாவை இழுத்து விரித்தால் அடியில் இருக்கும் மேசையின் கீறல் தெரிய வேண்டும். ஒருநாள் அவருக்குக் காய்ச்சல். கடையில் கூட்டம். நான் விரித்தேன். படுக்கையிலிருந்து எழுந்து வந்து, மாவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாள் முதல் மாவு என்னுடையது.

அவர் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று. பலகாரம் சூடாக இருந்தால் பாகு ஆறியிருக்க வேண்டும். பாகு சூடாக இருந்தால் பலகாரம் ஆறியிருக்க வேண்டும். இரண்டும் சூடானால் கஞ்சி. இரண்டும் ஆறிப்போனால் மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும், உள்ளே இறங்காது.

பாருங்கள், அவர் செத்துப் போய் எத்தனையோ வருஷம். நான் பேர் சொல்கிறேன். அபு ஜோர்ஜிடம் கற்றேன் என்று எழுதுகிறேன். சொல்வதால் என் கை ஒன்றும் சூம்பிப் போய்விடவில்லை.

3

யாங்கோனில் புதிதாக ஒரு பெரிய ஓட்டல் திறந்தார்கள். வளைகுடாவில் வேலை பார்த்த கைகள் வேண்டும் என்று ஆள் எடுத்தார்கள். இரண்டு வருஷம் என்று சொல்லி வந்தவன்தான். தலை நரைத்தும் இங்கேயே இருக்கிறேன்.

அங்கே தலைமைச் சமையல்காரர் ஹெல்முட். ஜெர்மனியில் மலைப்பக்கத்து ஊர்க்காரர். முட்டை வெள்ளையைத் தனியாக அடித்து, பாத்திரத்தைத் தன் தலைக்கு மேல் கவிழ்த்துக் காட்டுவார். ஒரு சொட்டு விழக் கூடாது. விழுந்தால் அன்றைக்கு முழுவதும் நாம் வெங்காயம் உரிக்க வேண்டும். அந்த வெள்ளையை மாவில் கலந்து வெண்ணெயில் ஊற்றினால் அப்பம் இரண்டு விரல் தடிமனுக்கு எழும்பும். நன்றாக எழும்பிய அப்பத்தை இரண்டு முள்கரண்டியால் பிய்த்துப் பிய்த்துப் போட்டு, சர்க்கரை தூவி, மறுபடியும் வெண்ணெயில் புரட்டுவார். எழுந்து நின்ற அப்பத்தை ஏன் பிய்க்க வேண்டும் என்று எனக்கு முதலில் மனசு ஆறவில்லை. வாயில் போட்ட பிறகு கேள்வி கேட்பதை விட்டேன்.

ஒருநாள் பெரிய விருந்து ஒன்று நின்றுபோனது. பிய்த்த அப்பம் மலைபோல் மிச்சம். என்னிடம் பக்லாவாத் தாளின் ஓரங்கள் மிச்சம். அப்பத் துண்டுகளை ஓரம் மொறுமொறுப்பாகும் வரை இன்னொரு தடவை வறுத்தேன். கீழே ஆறு தாள், நடுவில் அப்பமும் முந்திரியும், மேலே ஆறு தாள். சுட்டு எடுத்து, ஆறிய பாகை ஊற்றினேன். சுர்ரென்று இழுத்துக்கொண்டது. அந்தச் சத்தம் கேட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஹெல்முட் வந்து பார்த்தார். கரண்டியால் ஒரு ஓரத்தைக் குத்தினார்.

"கருப்பையா, இது என்ன?"

"உங்க அப்பமும் எங்க முதலாளி பக்லாவாவும் சார்."

"ரெண்டையும் கெடுத்துட்ட."

தட்டோடு குப்பையில் கொட்டினார். ஒரு துண்டு வாயில் வைக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மனிதர் தன் வாழ்நாளில் ஜாமனி மொன்னைத் தின்றதே கிடையாது.

4

ஓட்டல் காற்று வாங்க ஆரம்பித்ததும் எங்களைக் கழித்துவிட்டார்கள். ஹெல்முட் ஊருக்குப் போய்விட்டார். நான் அதற்குள் இங்கே பிறந்து வளர்ந்த சரோஜாவைக் கட்டியிருந்தேன். அவள் அப்பா போட்டாதாங் துறைமுகக் கிடங்கில் கணக்கு எழுதியவர். சரோஜாவிடம் இந்த நாட்டு அடையாள அட்டை உண்டு, அதில் பர்மியப் பேர், டோ சான் சான். என்னிடம் இருப்பது வெளிநாட்டுக்காரன் அட்டை. வருஷா வருஷம் வரிசையில் நின்று புதுப்பிக்க வேண்டும்.

வெளிநாட்டுக்காரன் இங்கே கடை நடத்தக் கூடாது என்பதால் கடை உரிமம் அவள் பேரில். இடத்துக்கு ஒப்பந்தம் அவள் பேரில். மின்சாரம் அவள் பேரில். மாவு, வெண்ணெய் வாங்குகிற ரசீது வரைக்கும் டோ சான் சான். என் அட்டையில் தொழில் என்ற இடத்தில், மனைவியைச் சார்ந்திருப்பவர். அந்த அலுவலகத்தில் ஒரு தடவை கண்ணாடி போட்ட அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துக் கேட்டாள்.

"ஒடம்பு நல்லாத்தானே இருக்கு? சும்மாவா இருக்கீங்க?"

"ஆமாம்மா. சும்மாதான் இருக்கேன்."

கையில் சூடு பட்ட தழும்பைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு சொன்னேன்.

கடை திறந்த முதல் வாரம் இரண்டு அதிகாரிகள் சோதனைக்கு வந்தார்கள். நான் சட்டென்று இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்துவிட்டு, சுவரோரத்து மூன்றாவது மேசையில் தேநீரை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வாடிக்கையாளன். அப்போது என் மகள் ஸ்ரீதேவி பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தாள். எட்டு வயது. 'அப்பா, பாகு பொங்குது' என்றாள். அவர்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பிள்ளையைப் பார்க்காமல் தேநீரைக் குடித்தேன். சரோஜா சிரித்துச் சமாளித்தாள். பிள்ளை யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் கூப்பிடும் என்றாள்.

அன்றைக்கே பழக்க ஆரம்பித்தேன். கடைக்குள் நான் அப்பா இல்லை. ஊலே. பர்மியத்தில் மாமா. தெரிந்த, தெரியாத ஆண்களையெல்லாம் மரியாதைக்குக் கூப்பிடுகிற வார்த்தை. மாடிப்படி ஏறினால் அப்பா, இறங்கினால் ஊலே. மூன்று நாள் ஒத்திகை. தப்பாகச் சொன்னால் கையைக் கிள்ளினேன். பிள்ளைக்குப் பர்மியத்தில் தீரி என்று பேர். பள்ளிக்கூடத்தில் நல்ல புத்திசாலி என்பார்கள். நான்காவது நாள் ஒரு பிழை இல்லை.

எனக்குப் பெருமையாக இருந்தது. என் பிள்ளை எதையும் சீக்கிரம் பிடித்துக்கொள்வாள் என்று சரோஜாவிடம் சொன்னேன். அவள் பிள்ளையின் கையில் கிள்ளிய இடத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

அப்படித்தான் கடை வளர்ந்தது. பிஸ்தாவுக்குக் கட்டுப்படியாகாமல் இந்த நாட்டு முந்திரிக்கு மாறினேன். சீனிப் பாகை விட்டுவிட்டுப் பனைவெல்லத்தைக் காய்ச்சி எலுமிச்சை பிழிந்தேன். அதில்தான் பலகாரம் நிமிர்ந்தது. வெண்ணெய் கிடைக்காத வருஷம் உண்டு, மாவு கிடைக்காத வருஷம் உண்டு. இப்போது ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் கரண்ட் வந்தால் அது நல்ல நாள். எதற்கும் கடை மூடியதில்லை. விடியுமுன் அடுப்பில் நின்றுவிட்டு, கடை திறந்ததும் மூன்றாவது மேசைக்குப் போய் வாடிக்கையாளனாக உட்காருவேன்.

5

புது அட்டை வந்தது. வழவழப்பான தாள். பின்பக்கம் முழுவதும் பர்மியத்திலும் ஆங்கிலத்திலும் எழுத்து. எனக்குப் பர்மியம் பேச வரும், படிக்க வராது. ஆங்கிலம் கடைப் பலகை அளவுக்கு. என் மேசைக்கு தினமும் வருகிற அருளப்பன் சாரிடம் நீட்டினேன். மிஷன் பள்ளியில் வாத்தியாராக இருந்தவர்.

"வாசிங்க சார். கடை கதைன்னு மக சொல்லுது."

அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு வாசித்தார். பிறகு தமிழில் சொன்னார். "ஜெர்மன் சமையல் நிபுணர் ஹெல்முட் என்பவருடைய ரகசியக் குறிப்பிலிருந்து, என் தாயார் டோ சான் சான் உருவாக்கியதே இந்தப் புகழ் பெற்ற பலகாரம்."

"அப்புறம்?"

"இருபது ஆண்டுகளாக ஆதரவு தரும் வாடிக்கையாளர்களுக்கு நன்றி."

"அப்புறம் சார்?"

அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "அப்புறம் விலைதான் கருப்பையா." அட்டையை மேசையில் வைத்துவிட்டு அவரே சொன்னார். "நன்றின்னு போட்டிருக்கே, அதுல நீயும் வர்றல்ல. வாடிக்கையாளர்."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் அவருக்கு வைத்த பலகாரத் துண்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மகளிடம் உடனே கேட்கவில்லை. மறுநாள் ஒரு பெண் படம் பிடிக்க வரப்போகிறாள், சாப்பாட்டுக் கடைகளைச் சுற்றிப் பார்த்து ஃபேஸ்புக்கில் போடுகிறவள் என்று வீடு பரபரப்பாக இருந்தது. அது முடியட்டும் என்று இருந்தேன்.

அந்தப் பெண் வந்தாள். நான் மூன்றாவது மேசையில். ஸ்ரீதேவி வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, தான் வாங்கிப் போட்ட மின்சார அடுப்பில் தட்டை வைத்தாள். பாதியில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுவிட்டது. அவள் பயந்துபோய், அரைகுறையாக வெந்த தட்டை வெளியே எடுத்து, அப்போதுதான் இறக்கிய பாகை அதன் மேல் ஊற்றினாள். சூட்டின் மேல் சூடு. மேல் தாள் அப்படியே கீழே உட்கார்ந்தது. படம் பிடிக்கிற பெண் மரியாதைக்குச் செல்போனைத் தாழ்த்திக்கொண்டாள்.

நான் எழுந்தேன். எழுந்தது எனக்கே பிறகுதான் தெரிந்தது. களிமண் அடுப்பில் கங்கு இருந்தது. மிச்சமிருந்த அப்பத்தை இரண்டு கரண்டியால் பிய்த்தேன், வறுத்தேன், தாளை அடுக்கினேன், சுட்டேன். பாகுச் சட்டியைத் தண்ணீரில் இறக்கி வைக்கச் சொன்னேன். அந்தப் பெண் என் கைக்குப் பக்கத்தில் செல்போனைக் கொண்டுவந்தாள். ஊற்றினேன். சுர்ரென்று அந்தச் சத்தம். அவள் கண்ணை விரித்தாள்.

"அக்கா, இவங்க யாரு?" என்று பர்மியத்தில் கேட்டாள்.

கடையில் அதிகாரி யாரும் இல்லை. கதவுகூடச் சாத்தியிருந்தது. என் மகள் நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்.

"ஊலே. தினமும் வர்ற ஊலே."

படம் மறுநாள் வந்தது. லட்சம் பேர் பார்த்தார்களாம். என் கைகள் மணிக்கட்டு வரைக்கும் இருக்கின்றன. அதற்கு மேல் வெட்டிவிட்டார்கள். அடியில், டோ சான் சானின் கைப்பக்குவம்.

6

அன்றைக்கு மத்தியானம் மாடியில் அவளை உட்கார வைத்தேன். ஸ்ரீதேவி தமிழில் ஆரம்பித்தால் பாதியில் பர்மியத்துக்குப் போய்விடுவாள். அன்றைக்கு ஏனோ தமிழிலேயே நின்றாள்.

"ஏத்தா, அந்த ஜாமனிக்காரன் இதைக் குப்பையில கொட்டுனான். அவன் பேரு எதுக்கு?"

"ஜாமனிக்காரர் பேர் போட்டா ஆள் வருதுப்பா."

"உங்கம்மா பேரு?"

"உரிமத்துல அதான் இருக்கு."

"எம் பேரு?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். "உங்க பேரு எதுல இருக்கு, சொல்லுங்க. நா தேடிப் பாத்தேன். இருபது வருஷக் காகிதத்தையும் எடுத்து வச்சுத்தான் அந்தக் கதைய எழுதினேன். ஒரு ரசீதுல கூட நீங்க இல்ல. அட்டையில போட்டு, நாளைக்கு எவனாவது எடுத்துட்டுப் போய், வெளிநாட்டு ஆள் கடை நடத்துதுன்னு ஆபீசுல குடுத்தா? கடை போயிரும்பா."

அவள் சொன்னதில் தப்பில்லை. அந்தக் காகிதங்களில் என் பேர் வராமல் பார்த்துக்கொண்டவன் நான். ஒவ்வொன்றையும் நானே சரிபார்த்தேன்.

"சரி, காகிதத்த விடு. நேத்து அந்தப் பொண்ணு கேட்டப்போ? அங்க யாரு இருந்தா?"



"வேணும்னு சொல்லலப்பா. கீழ எறங்கினா வாயில அதான் வருது."

"ஒரு தடவை மாத்திச் சொல்லியிருக்கலாம்ல."

"கிள்ளுவீங்கள்ல" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள், வரவில்லை.

சரோஜா அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். "என்னங்க, எம் பேரப் போட்டதுல நா என்னமோ பூரிச்சுப் போயிட்டேன்னு நெனைக்காதீங்க. சந்தைக்குப் போனா அந்தப் பாகு எப்படிக் காய்ச்சுறதுன்னு கேக்குறாளுக. எனக்கு ரசத்துக்கே புளி கூடிப்போவும். என்னத்தச் சொல்றது?"

"எனக்குத் தெரியும், நான் சொல்லக் கூடாது. உனக்குச் சொல்லத் தெரியல" என்றேன்.  கீழே யாரோ மணி அடித்து ஜாமனி மொன் இரண்டு கேட்டார்கள். மகள் எழுந்து போனாள்.

7

ஊரில் இதை வாசிக்கிறவர்கள், கிழவனுக்கு இந்த வயசில் பேர் ஆசை என்பீர்கள். ஆமாம், ஆசைதான். படித்தவனுக்குச் சான்றிதழில் பேர் இருக்கிறது. வீடு வாசல் உள்ளவனுக்குப் பட்டாவில் இருக்கிறது. எனக்கு இரண்டும் இல்லை. ஒரு பலகாரம் இருக்கிறது. அதையும் குப்பையில் கொட்டினவனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்றால் எப்படி?

மகளே, உனக்குத் தமிழ் படிக்க வராது. அருளப்பன் சாரை விட்டு இதை உனக்கு வாசிக்கச் சொல்வேன். கடையை நான் கேட்கவில்லை. கடை உன் அம்மாவுடையது, நாளைக்கு உன்னுடையது. முதலாளி என்று என்னை எழுத வேண்டாம். நிறுவியவர் என்று எழுத வேண்டாம். அப்பா என்றுகூட எழுத வேண்டாம், உனக்குப் பயமாக இருந்தால். அடுத்த அச்சில் ஹெல்முட் பேரை எடு. அவர் எனக்கு அப்பம் ஊற்றக் கற்றுக் கொடுத்தார், அந்த அளவுக்கு ஒரு வரி போடு. அபு ஜோர்ஜுக்கு ஒரு வரி போடு. அதற்குக் கீழே, இந்த இரண்டையும் சேர்த்துப் பலகாரமாக்கியது பரமக்குடி முனியாண்டி மகன் கருப்பையா என்று போடு. பர்மியத்தில் போடு, ஆங்கிலத்தில் போடு. கடைக்கு வருகிறவர்களில் அருளப்பன் சாரைத் தவிர ஒருத்தருக்கும் படிக்க வராது என்றாலும் தமிழிலும் போடு.

யாராவது அந்த அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்து, அதிகாரி வந்து கேட்டால், அழைத்து வந்து என்னைக் காட்டு. நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். இருபது வருஷம் அடுப்பில் நின்றது குற்றம் என்றால், அந்தக் குற்றத்தையாவது என் பேரில் எழுதட்டும்.

பேரைப் போடு.